கத்தியா கரண்டா என்று தவித்த நாட்கள்

விளக்குப் பூஜையில் நூற்றெட்டுப் போற்றி பாதி வந்திருந்தபோது எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தை மாதம், மூன்றாம் செவ்வாய்க்கிழமை. எங்கள் தெருக் காளியம்மன் கோயிலில் உங்களில் பலர் என் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள். சேலை நனைவது தெரிந்தது. எழுந்திருக்கவும் பயம், உட்கார்ந்திருக்கவும் பயம். கடைசியில் முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். தலைசுற்றல் என்று சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் ஒரே நினைப்புத்தான் எனக்கு. ஆத்தா என்னைத் தன் வாசலிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டாள்.

இதைப் படிப்பவர்களில் என்னைத் தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பேச்சியம்மாள். வயது அப்போது ஐம்பத்திரண்டு. போடியில் பால்வாடி டீச்சராக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் பெருமாள். குரங்கணிக்கு மேலே எங்களுக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. ஒரே மகள், திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

அன்று போனது முதல் ரத்தம் இல்லை. ஐப்பசியிலிருந்தே பட்டுக்கொண்டிருந்தது. மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. சூடு என்று சொல்லிக்கொண்டேன். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். இடுப்பு வலித்தது. வெள்ளைப்பாடு நாற்றத்தோடு போனது. யாரிடமும் சொல்லவில்லை.

இதில் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று மலைக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவள் நான். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முகாம் நடக்கும்போதெல்லாம் அவர்களை ஜீப்பில் ஏற்றிக் கூட்டிப்போனவள் நான். ஆனால் ஒருமுறைகூட அந்தக் கட்டிலில் நான் ஏறிப் படுத்ததில்லை. நர்ஸ் கூப்பிடுவார்கள். எனக்குச் சோலி இருக்கிறது என்று நழுவிவிடுவேன். நமக்கெல்லாம் வராது என்ற மெத்தனம்.

பூஜையிலிருந்து வந்த அன்று பின்கட்டில் துணியை அலசிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளா?"

"மூணு மாசம்."

"கெளம்பு" என்றார். அவ்வளவுதான்.

தேனியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வருகிற வரைக்கும் நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன். குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் வரி மறந்துபோகும். முடிவு வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மதுரை டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கையால் சோதித்துப் பார்த்தார். ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். கவிழ்த்துவைத்த சொம்பு மாதிரி கர்ப்பப்பை. அதன் வாயில் ஒரு கறுப்பு வட்டம். வட்டத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்தார்.

"இந்தக் கட்டி வாயோட நிக்கலம்மா. பக்கத்துச் சதையிலயும் எறங்கியிருக்குன்னு என் கைக்குத் தெரியுது. ஸ்கேன் எடுத்தா உறுதியாயிரும். இந்த நிலையில ஆபரேசன் சரிப்படாது. அஞ்சு வாரம் வெளியிலருந்து கரண்டு வைக்கணும். கூடவே வாரம் ஒரு நாள் மருந்து ஏத்தணும். கடைசியில உள்ளுக்குள்ள வச்சுக் குடுக்குற கரண்டு. இந்த மூணும் சேந்ததுதான் வைத்தியம். குணமாக்கணும்னுதான் இதப் பண்றோம். அதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு."

கதிர்வீச்சை எங்கள் பக்கம் கரண்டு வைப்பது என்றுதான் சொல்வோம். அந்த வார்த்தையைக் கேட்டதுமே என் காது அடைத்துவிட்டது. எங்கள் தெருவில் முத்துலட்சுமி மதினி இருந்தார். பல வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கரண்டு வைத்தார்கள். அடிவயிறு கருத்துப் புண்ணாகி, வாழையிலையில் படுத்துக்கிடந்தார். பிழைக்கவில்லை. டாக்டரம்மா அதற்குப் பிறகு சொன்னதில் ஒன்றும் என் மனதில் ஏறவில்லை. குணமாகும் என்று சொன்னாரே, அதுகூட ஏறவில்லை.

போடிக்கு வந்ததும் என் அண்ணன் தங்கராசு வந்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்கிறவர் அவர்தான்.

"கரண்டு கிரண்டெல்லாம் வேணாம்த்தா. கெட்டுப்போனத உள்ள வச்சுக்கிட்டு வெளிய லைட்டு அடிச்சா என்ன ஆகும்? வேரோட எடுத்து எறிஞ்சிட்டா சோலி முடிஞ்சிச்சு. எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு. வெரசாத் தேதி வாங்குறேன்."

எனக்கு அது தேன் மாதிரி இருந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன். எடுத்துவிட வேண்டும். உடம்பைவிட்டு அது போய்விட வேண்டும். என் வீட்டுக்காரர் மட்டும், "மச்சான், மதுரை டாக்டரம்மா வேற மாதிரில்ல சொன்னாங்க" என்றார். கத்தியா கரண்டா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. வருகிறவர் போகிறவரெல்லாம் ஒரு யோசனை சொன்னார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் கேரளாவில் ஒரு வைத்தியர் வேர்மருந்து தருகிறார் என்றார். என் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"ஆத்தாகிட்டயே பூக்கட்டிக் கேட்டுருவோம்" என்றார் அண்ணன்.

சகோதரிகளே, இப்போது நான் சொல்லப்போவது இதுவரை என் வீட்டுக்காரருக்கும் பூசாரிக்கும் மட்டுமே தெரியும்.

பூப்பொட்டலம் இரண்டையும் நான்தான் வீட்டில் கட்டினேன். செவ்வரளி என்றால் ஆபரேசன். நந்தியாவட்டை என்றால் கரண்டு. இரண்டையும் ஒரே அளவு வாழையிலையில் மடித்து நூல் சுற்றினேன். செவ்வரளிப் பொட்டலத்துக்கு ஒரு முடிச்சுக் கூடுதலாகப் போட்டேன். கை தவறிப் போட்டது என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

எனக்குத் தீட்டு இருந்ததால் கோயிலுக்குள் போக முடியாது. சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். பூசாரி ஆத்தாளின் காலடியில் பொட்டலங்களை வைத்துத் தீபம் காட்டி, தட்டை வெளியே கொண்டுவந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். விரல் ஒன்றைத் தொட்டது. முடிச்சு ஒன்று. அடுத்ததைத் தொட்டது. முடிச்சு இரண்டு. அதை எடுத்தேன்.

அண்ணன் பிரித்தார். செவ்வரளி. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா சொல்லிட்டா" என்றார். நானும் சொன்னேன், "ஆத்தா சொல்லிட்டா."

பத்தாம் நாள் ஆபரேசன் என்று தேதி வாங்கினார் அண்ணன். நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவேன். வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கோயில் மணி கேட்டால் பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். வேண்டிக்கொள்ள உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. என்ன கேட்பேன்? ஆத்தா பெயரில் பொய் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யைக் காப்பாற்றிக் கொடு என்று ஆத்தாளிடமே கேட்பதா? பயத்துக்கு மேல் பயம் சேர்ந்தது. கத்திக்குக் கீழே படுக்கும்போது அவள் என்னோடு இருக்க மாட்டாள் என்று தோன்றியது.

ஆபரேசனுக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். படம் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் ஏலச்செடிக்குத் தண்ணீர் பாய்ச்ச மலைக்குக் கிளம்பினார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் ரத்தப்போக்கு கொஞ்சம் குறைந்திருந்தது. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நானும் ஜீப்பில் ஏறிவிட்டேன். அவர் தடுத்துப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

தோட்டத்தில் மரநிழலில் சாக்கு விரித்து என்னை உட்காரவைத்துவிட்டு அவர் ஓஸ் குழாயைத் தூக்கிக்கொண்டு போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பதினைந்து நாளில் முதல்முறையாக யாரும் என்னிடம் யோசனை சொல்லவில்லை. அங்கேதான் வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

"ஆத்தா, ஒன் பேர்ல பொய் சொல்லிட்டேன். நீ சொல்லல. நான்தான் எடுத்தேன். பயந்துபோயி எடுத்தேன். எது சரின்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்ககிட்ட கேக்க எனக்கு வாயக் குடு. மறைக்காமச் சொல்ல ஒரு ஆளக் குடு. அது போதும்."

நோயைக் குணமாக்கு என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தேன். இந்த இரண்டைத்தான் கேட்டேன். அழுது முடித்துத் தலையைத் தூக்கினால் என் வீட்டுக்காரர் ஓஸோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். ஓஸைக் கீழே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு அந்த ஆபரேசன் டாக்டரையே போய்க் கேப்போம். மச்சானக் கூப்பிட வேணாம். நீயும் நானும் போவோம்" என்றார்.

"என்னன்னு கேக்குறது?"

"ஒனக்கு என்ன பயமோ அதக் கேளு."

மறுநாள் காலை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வயதானவர். அதற்கு முன் அவரைப் பார்த்தபோதெல்லாம் அண்ணன்தான் பேசினார். நான் தலையாட்டினேன். அன்று அறைக்குள் நானே முதலில் நுழைந்தேன். உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"சார், ஆபரேசன் பண்ணா எல்லாத்தையும் எடுத்துர முடியுமா? அதுக்கப்புறம் கரண்டு வேணாமா?"

அவர் என்னைப் பார்த்தார். மேசைமேல் ஸ்கேன் உறை இருந்தது. அன்று காலைதான் வந்திருக்கிறது. படத்தை எடுத்து வெளிச்சத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"உக்காருங்கம்மா" என்றார். "முழுசா எடுத்துருவேன்னு என்னால சொல்ல முடியாது. பக்கத்துச் சதையில எறங்கியிருக்கு. கத்தி வச்சா ஓரத்துல கொஞ்சம் நின்னுபோகும். அப்ப ஆபரேசனுக்கு அப்புறமும் கரண்டு வைக்கத்தான் வேணும். வெட்டுன ஒடம்புல கரண்டும் சேந்தா கஷ்டம் ரெண்டு மடங்கு. குடல், மூத்திரப்பை எல்லாம் சிரமப்படும். மதுரையில என்ன சொன்னாங்க?"

நான் அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். டாக்டரம்மா படம் போட்ட தாள். பையிலேயே கிடந்தது.

அவர் பார்த்துவிட்டு, "இதுதான் சரி. நான் ஆபரேசன் பண்ணல. நானே அங்க லெட்டர் தர்றேன்" என்றார். எழுதிக்கொண்டே, "நீங்க கேட்டது நல்லதுங்கம்மா" என்றார்.

நான் அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். முந்தின நாள் மலையில் இரண்டு வரம் கேட்டேன். ஒரு நாள்கூட ஆகவில்லை. கேட்க வாயும் வந்தது. மறைக்காமல் சொல்ல ஆளும் வந்தார். கத்தியைக் கையில் வைத்திருக்கிறவர் வாயிலிருந்தே அது வேண்டாம் என்று வந்தது. இதை வேறு எப்படிச் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆத்தா பேசினாள் என்றுதான் சொல்லுவேன்.

அண்ணனுக்குக் கோபம். "ஆத்தா குடுத்த வாக்க மீறுறீங்க" என்றார். அப்போதும் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

மதுரைக்குப் போனால் அடுத்த தடை. ரத்தம் ஏழு பாயிண்டுதான் இருந்தது. "ரத்தம் இவ்வளவு கொறைஞ்சிருந்தா கரண்டு சரியா வேல செய்யாது. ஏத்திட்டுத்தான் தொடங்கணும்" என்றார் டாக்டரம்மா. ரத்த வங்கியில் உடனே கொடுத்தார்கள். பதிலுக்கு எங்கள் தரப்பில் ஆள் வந்து கொடுத்தால் நல்லது என்றார்கள். என் வீட்டுக்காரர் குரங்கணி ஜீப்பு ஸ்டாண்டுக்கு ஒரு போன் போட்டார். மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. ஆறு டிரைவர்கள் இறங்கினார்கள். அன்று அவர்கள் யாரும் லோடு ஏற்றவில்லை. சாமிக்கண்ணு என்பவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து கூச்சத்தோடு நின்றார்.

"எம் பொண்டாட்டிய நீங்கதான டீச்சர் டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனது. அதுல சின்னதா ஒண்ணக் கண்டுபிடிச்சு அப்பவே சரிபண்ணி விட்டாங்க. இன்னைக்கு அவ காய் பறிச்சுக்கிட்டிருக்கா."

ஆத்தா என்னை வெளியே தள்ளிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. ஒரு ஜீப்பு நிறைய ஆட்களை அனுப்பியிருக்கிறாள்.

வேறு வழி ஏதும் உண்டா என்றும் கேட்டேன். வாய் வந்துவிட்டதல்லவா. சிலருக்கு முதலில் சில வாரம் மருந்து மட்டும் ஏற்றிவிட்டுப் பிறகு கரண்டு தொடங்குவதும் உண்டு, புதிதாக வேறு ஊசிகளும் வந்திருக்கின்றன என்றார் டாக்டரம்மா. எனக்கு இருக்கும் நிலைக்கும் போயிருக்கும் ரத்தத்துக்கும் நேராகக் கரண்டைத் தொடங்குவதே நல்லது என்று காரணத்தோடு சொன்னார். முத்துலட்சுமி மதினியைப் பற்றிச் சொன்னேன். அப்போதிருந்த மிஷினும் இப்போதிருக்கும் மிஷினும் ஒன்றில்லை என்றார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். தொடங்கினால் எட்டு வாரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். நடுவில் நாள் விடக் கூடாது.

ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு அறை எடுத்தோம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கரண்டு. தண்ணீர் குடித்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும். உட்கார முடியாமல் வராந்தாவில் நடப்பேன். முதல் நாள் மிஷினுக்குக் கீழே படுத்தபோது எரியப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சில நிமிஷம். எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை மருந்து ஏற்றுவார்கள். அன்றும் மறுநாளும் குமட்டல். சனிக்கிழமை காலை ரயிலில் போடிக்கு வருவோம். ஞாயிறு மாலை ரயிலில் திரும்பிப் போவோம்.

மூன்றாவது வாரம் என்னை உடைத்துவிட்டது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மூத்திரம் போனால் நெருப்பாக எரிந்தது. வாந்தியில் தொண்டை புண்ணாகிவிட்டது. வியாழக்கிழமை காலை பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "போதும். ஊருக்குப் போயிருவோம். சாகுறதா இருந்தா வீட்டுல சாகுறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். அதற்கு மாத்திரை இருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றலாம், கூட்டிவாருங்கள் என்று சொன்னார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகப் போற்றி சொல்ல ஆரம்பித்தார்.

நம் செவ்வாய்க்கிழமைப் பூஜைப் போற்றி. அவர் ஒருநாளும் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. என்னைக் கூட்டிப்போக வெளியே சைக்கிளோடு நிற்பார். நின்று நின்றே காதில் விழுந்திருக்கிறது. வரிசை தப்பித் தப்பிச் சொன்னார். சொன்னதையே திரும்பச் சொன்னார்.

"அது அப்புறம் வரும்" என்றேன் சுவரைப் பார்த்தபடி.

"அப்ப எது மொதல்ல?"

சொன்னேன். அடுத்ததையும் தப்பாகச் சொன்னார். திருத்தினேன். திருத்தித் திருத்தி எப்போது எழுந்து உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. அன்றைய கரண்டு தவறவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை.

கடைசியாக உள்ளே வைக்கும் கரண்டு. நான்கு முறை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகவைத்து, கர்ப்பப்பை வாய்க்குள் கருவியைப் பொருத்தி, துணி அடைத்து, ஸ்கேன் எடுத்து, கணக்குப் பார்த்து, அப்புறம்தான் கொடுப்பார்கள். மணிக்கணக்காக அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் நிற்காத என்னை அப்படிக் கட்டிப்போட்டது போலிருந்தது. மூக்கு அரித்தால்கூடப் பயம். அப்போது ஆத்தாளிடம் சொன்னேன், "நீ எப்படித்தான் வருசக்கணக்கா அசையாம நிக்கிற?" சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்றார் நர்ஸ். அடக்கிக்கொண்டேன்.

சித்திரையில் எல்லாம் முடிந்தது. சனி ஞாயிறுகளில்கூட என்னைத் தனியே விட்டு மலை ஏறாத என் வீட்டுக்காரர், ஊருக்கு வந்ததும் போய்ப் பார்த்தார். கோடையில் கருகிக்கிடக்கும் என்று நினைத்த ஏலச்செடி பச்சையாக நின்றது. அண்ணன் வாரத்தில் இரண்டு நாள் ஆள் விட்டுத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆடி மாதம் திரும்பவும் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"இப்ப கட்டி எதுவும் தெரியலம்மா."

இப்ப என்றார். அதை நான் மறக்கவில்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்க்க வேண்டும். இன்றைக்கு இரண்டாம் வருஷம் நடக்கிறது. ஒவ்வொரு தடவை சோதனைக்குப் போகும் முன்பும் ஒரு வாரம் கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டுவேன். குடல் இன்னும் பழைய மாதிரி இல்லை. புருஷன் பெண்டாட்டி விஷயத்திலும் சிரமம் உண்டு. அதற்கும் டாக்டரம்மா பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வெட்கப்படாமல் கேட்டுச் செய்துகொண்டேன். பால்வாடிக்குப் போகிறேன். பாட்டு வரி மறப்பதில்லை.

அந்த ஆடியில் முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கூட்டம் கலைகிற வரைக்கும் காத்திருந்து பூசாரியிடம் முடிச்சு விஷயத்தைச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை.

"தட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான டீச்சர். ஒங்க வெரலு ரெண்டையும் தடவுனதப் பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"அம்புட்டுப் பயந்துபோயி நின்னீங்க. எப்படிக் கேக்குறது?"

ஆத்தா முன்னால் விழுந்து கும்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். அண்ணே, இதை நீங்களும் படிப்பீர்கள். ஆத்தா வாக்கை நாங்கள் மீறவில்லை. அவள் அன்று வாக்கே கொடுக்கவில்லை. பொய் என்னுடையது. என்னை மன்னித்து வீட்டுக்கு வாருங்கள்.

சகோதரிகளே, நான் சுத்தமாக இருந்தபோது ஆத்தா என்னிடம் வரவில்லை. ரத்தத்தோடும் பொய்யோடும் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தபோது வந்தாள். தைரியம் வந்த பிறகு கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடாதீர்கள். போய்க் கேளுங்கள். டாக்டரிடம் கேளுங்கள், ஒருவர் சொல்வது புரியவில்லை என்றால் இன்னொருவரிடம் கேளுங்கள். அந்தக் கட்டிலில் ஏறிப் படுக்க வெட்கப்படாதீர்கள்.

போன வாரம் பொட்டிபுரத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நாற்பத்தோரு வயது. அதே நோய், அதே நிலை. மதுரையில் கரண்டுக்கு நாள் குறித்துக் கொடுத்தும் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து விரலைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நீங்க கூட வர்றீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். வர்றேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலில் நாங்கள் மதுரைக்குப் போகிறோம். திங்கட்கிழமை அவளுக்கு முதல் கரண்டு. இந்தச் செவ்வாய் விளக்கு ஏற்றும்போது அவளுக்காக ஒரு போற்றி கூடுதலாகச் சொல்லுங்கள். அவள் பெயர் பொன்னுத்தாயி.